முருகன்குறிச்சித் தபால்தலைக் கடையும் ஓர் ஓரிகன் ஆல்பமும்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ஊசிக்கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓர் எழுதுபொருள் கடையின் மாடியில் சிறிய தபால்தலை, நாணயக் கடை ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் அங்கே நான் வாங்கிய ஆல்பம் ஒன்றைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் மாநிலத்தின் தொடக்க கால வரலாற்றை அந்நாட்டுத் தபால்தலைகளைக் கொண்டே சொல்லும் ஆல்பம் அது. கடைக்காரத் தம்பியே தலைகளைத் தேடிச் சேர்த்து, தமிழில் விளக்கம் எழுதி, தன் கையாலேயே தாள் தாளாக அமைத்திருக்கிறார். பதினாறு தாள்கள், விலை 2,800 ரூபாய். கடைக்குப் பெயர்ப்பலகை சிறியது, விளம்பரமும் கிடையாது. ஆகவே இந்தப் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் பலருக்கு அப்படி ஒரு கடை இருப்பதே தெரியாமல் போகலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி திருநெல்வேலி சந்திப்பில், ரயிலில் வந்திறங்கும் தபால் பைகளைப் பிரித்து ஊர்வாரியாக அடுக்கும் வேலை. அப்படி ஆயிரக்கணக்கான தலைகளைப் பார்த்த கண்ணுக்கு ஓர் ஆல்பத்தில் எது அக்கறையோடு ஒட்டப்பட்டது, எது அவசரத்தில் ஒட்டப்பட்டது என்பது உடனே தெரிந்துவிடும். இதில் பெரும்பாலான தாள்களில் தலைகள் கறுப்புப் பின்புறமுள்ள பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. பசை தாளைத் தொடாது, தலையின் ஓரத்துப் பல் வரிசை மடங்காது. தாளும் கெட்டியானது. ஆனால் இரண்டு தாள்களில் மட்டும், உறை தீர்ந்துபோயிற்றோ என்னவோ, பழைய முறையில் ஹிஞ்ச், அதாவது தலையின் பின்புறம் ஒட்டும் சிறு பசைத்தாள், வைத்து ஒட்டியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்மூர்க் காற்றில் ஏறும் ஈரத்துக்கு ஹிஞ்ச் வைத்த புதுத் தலையின் பசை இளகித் தாளோடு பிடித்துக்கொள்ளும் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும். 2,800 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர் இதைக் கேட்டுத் திருத்தி வாங்க வேண்டும்.

ஆல்பத்தின் முதல் தாளில் இருப்பது 1936-இல் வெளிவந்த மூன்று சென்ட் தலை. ஊதா நிறத்தில் அன்றைய ஓரிகன் பிரதேசத்தின் வரைபடம். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரிகிறது. இன்றைய ஓரிகன் மட்டுமல்லாமல் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்கள் முழுவதும், மொன்டானா, வயோமிங் ஆகியவற்றின் பகுதிகளும் ஒரு காலத்தில் ‘ஓரிகன்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கியிருந்தன. அதனால்தான் இந்தத் தலையை ஓர் ஊரில் மட்டும் வெளியிடாமல் அஸ்டோரியா, டேனியல், லூயிஸ்டன், மிசூலா, வாலா வாலா என்று ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த ஐந்து ஊர்களில் ஒரே நாளில் வெளியிட்டார்கள். இந்தச் செய்தியை விளக்கத்தில் சேர்த்திருப்பதற்காகவே கடைக்காரரைப் பாராட்ட வேண்டும்; தலையின் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு, அது எந்த ஊர் முத்திரையோடு பிறந்தது என்று யோசிப்பவர்கள் குறைவு.

இரண்டாம், மூன்றாம் தாள்கள், பசிபிக் கரைவரை வழி கண்டறிய அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணத்துக்கு உரியவை. 1954-இல் வந்த மூன்று சென்ட் தலை, அவர்களுடன், பயணத்தில் உதவிய பூர்வகுடிப் பெண் சகாகவேயாவும் இருக்கும் படம். 1805-06 குளிர்காலத்தை அவர்கள் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே கிளாட்சாப் கோட்டையில் கழித்தது வரை விளக்கம் சரியாகவே போகிறது. எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் இதில் நான் அதிகம் நிற்கவில்லை.

நான் நின்றது ஏழாவது தாளில். 1948 ஆகஸ்ட் 14 அன்று, ஓரிகன் பிரதேசம் அமைக்கப்பட்டதன் நூற்றாண்டுக்காக வெளியிடப்பட்ட தலை அது. நடுவில் கூண்டு வண்டி. இருபுறமும் ஜான் மெக்லாக்லின், மிஷனரி ஜேசன் லீ ஆகிய இருவரின் முகங்கள். இந்த ஒரு தலைக்குக் கடைக்காரர் ஒரு முழுத் தாள் விளக்கம் எழுதியிருக்கிறார். ஆல்பத்தின் உயிரே இந்தத் தாள்தான் என்பது என் எண்ணம்.

மெக்லாக்லின் கியூபெக்கில் 1784-இல் பிறந்த மருத்துவர். விலங்குத் தோல் வணிகம் செய்த பிரிட்டிஷ் நிறுவனமான ஹட்சன் பே கம்பெனியின் சார்பில் கொலம்பியா ஆற்றங்கரையில் வான்கூவர் கோட்டையை அமைத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தப் பகுதி முழுவதையும் நிர்வகித்தவர். 1818 முதல் ஓரிகன் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவான நிலமாக இருந்தது; இரு நாட்டவரும் அங்கே வரலாம், யாருக்கும் தனி உரிமை இல்லை. பிரிட்டிஷ் கம்பெனியின் ஆள் என்ற முறையில் அமெரிக்கக் குடியேறிகளைத் தடுக்க வேண்டியது அவர் கடமை. ஆனால் இரண்டாயிரம் மைல் வண்டியில் வந்து, மாடு செத்து, மாவு தீர்ந்து, குளிர் தொடங்கும் நேரத்தில் கோட்டை வாசலில் வந்து நின்றவர்களுக்கு அவர் விதை நெல்லைப் போல விதைக் கோதுமையைக் கடனாகக் கொடுத்தார். துணியும் உணவும் கொடுத்தார். அந்தக் கடன்களில் பல திரும்பவே இல்லை. கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. பதவியை விட்டு விலகி, வில்லமெட் அருவியருகே தான் மனை பிரித்து உருவாக்கிய ஓரிகன் சிட்டியில் குடியேறி, 1851-இல் அமெரிக்கக் குடிமகனும் ஆனார்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு? 1850-ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டம் குடியேறிய வெள்ளையர்களுக்கு நிலம் கொடுத்தது. தனி ஆணுக்கு 320 ஏக்கர், மணமானவர்களுக்கு இருவருக்குமாக 640 ஏக்கர். அதே சட்டத்தின் ஒரு பிரிவு மெக்லாக்லினின் ஓரிகன் சிட்டி நிலத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்த நிலத்துக்கு அதற்கு முன்பே போட்டி கிளப்பியவர்களில் ஜேசன் லீயின் மெத்தடிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 1857-இல் அவர் மனம் நொந்து இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1862-இல், ஆயிரம் டாலர் கட்டச் சொல்லி அந்த நிலத்தை அவருடைய வாரிசுகளுக்கே மாநிலச் சட்டசபை திருப்பிக் கொடுத்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, விளக்கத்தின் கடைசி வரியில் கடைக்காரர் எழுதியிருக்கிறார்: இந்தத் தலை முதன்முதலில் விற்பனைக்கு வந்த அஞ்சலகம் ஓரிகன் சிட்டி. அவர் அமைத்த ஊர், அவரிடமிருந்து பறித்த ஊர், அவர் முகத்தின் மீது முதல் முத்திரை விழுந்த ஊர், எல்லாம் ஒன்றுதான். அதைப் படித்துவிட்டு நான் தலையை மறுபடி லென்ஸில் பார்த்தேன். வழக்காடிய இரு தரப்பும் வண்டிக்கு இப்புறமும் அப்புறமும் அமைதியாக இருக்கின்றன.

ஜேசன் லீ வில்லமெட் பள்ளத்தாக்குக்கு வந்தது 1834-இல். கடைக்கு அருகிலேயே இருக்கும் ஊசிக்கோபுரத் தேவாலயம் எழுந்தது 1826-இல். ரேனியஸ் ஐயர் இந்த ஊரில் பள்ளிகளையும் சபைகளையும் நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் உலகின் மறுபுறம் லீயும் தன் மிஷனை நடத்தினார் என்பதை விளக்கம் ஒரு வரியில் நினைவூட்டுகிறது. நம் வாசகருக்குக் காலத்தை மனத்தில் பதிய வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்து என் மனத்தில் நின்றவை தலையே இல்லாத இரண்டு தாள்கள். தபால்தலை ஆல்பத்தில் இது வழக்கமில்லை. ஆயினும் சரியான முடிவு. ஒன்று யூயிங் யங்கைப் பற்றியது. 1837-இல் கலிபோர்னியாவிலிருந்து அறுநூறுக்கு மேற்பட்ட மாடுகளைத் தரைவழியாக ஓட்டிவந்து சேர்த்தவர் அவர். அதுவரை ஓரிகனில் மாடு வேண்டுமென்றால் கம்பெனியிடம் இரவலாகத்தான் வாங்க முடியும், விலைக்குக் கிடைக்காது. பால் கறந்து குடிக்கலாம், கன்று கம்பெனிக்கு. யங் வந்த பிறகுதான் குடியானவனுக்குச் சொந்த மாடு என்ற நிலை வந்தது. அவர் 1841 பிப்ரவரியில் உயில் எழுதாமல், அறிந்த வாரிசு யாருமின்றி இறந்துபோனார். பள்ளத்தாக்கிலேயே பெரிய சொத்து. கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்று எல்லோரும் அதில் சம்பந்தப்பட்டவர்கள். பங்கு பிரிக்கச் சட்டமோ நீதிமன்றமோ கிடையாது. அடக்கத்துக்குக் கூடியவர்கள் அப்படியே கூட்டம் போட்டு, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நீதிபதியை நியமித்தார்கள். ஓநாய்கள் மாட்டை அடிக்கின்றன என்று 1843-இல் கூடிய கூட்டங்களும் அதே வழியில் போய், அந்த ஆண்டு மே 2 அன்று ஷாம்பூயி என்ற இடத்தில் ஒரு தற்காலிக அரசை அமைப்பதில் முடிந்தன. வாரிசில்லாச் சொத்தும் மாட்டுப் பிரச்சினையும் ஊர்க்கூட்டத்தை எந்த அளவுக்கு இழுத்துச்செல்லும் என்பது தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தத் தாளைப் படித்தபோது எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, “தாத்தா, இது நம்ம ஊர் கதை மாதிரில்லா இருக்கு” என்றாள்.

இந்தத் தாளில் ஒரு திருத்தம் வேண்டும். ஷாம்பூயியில் ஆதரவாக 52 பேரும் எதிராக 50 பேரும் பிரிந்து நின்றார்கள் என்று விளக்கம் அடித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கு அன்றைய கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டதல்ல. பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்டது. அதை அவ்வாறே எழுதியிருக்கலாம்.

மற்றொன்று ஹெண்டர்சன் லுவெல்லிங்கின் தாள். 1847-இல் அயோவாவிலிருந்து மனைவி, எட்டுப் பிள்ளைகளோடு புறப்பட்ட இவர், ஒரு வண்டி முழுவதும் மண் நிரப்பிய பெட்டிகளை ஏற்றி, அதில் ஒட்டுக்கட்டிய பழமரக் கன்றுகள் ஏறத்தாழ எழுநூறை நட்டுக்கொண்டு வந்தார். ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம். மண்ணோடு கரியைக் கலந்திருந்தார், ஈரம் தங்குவதற்காக. மனிதனுக்கே தண்ணீர் கிடைக்காத வறண்ட வெளியிலும் கன்றுகளுக்கு நாள்தோறும் தண்ணீர் விட்டார். பாரம் அதிகம், மாடுகள் தாங்காது, வண்டியை விட்டுவிடு என்று கூட வந்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. பாதியளவு கன்றுகள் பிழைத்து வில்லமெட் வந்து சேர்ந்தன. மில்வாக்கி என்ற ஊரில் அவர் போட்ட நாற்றங்காலிலிருந்துதான் பசிபிக் கரையின் ஒட்டுக்கன்றுத் தோட்டங்கள் தொடங்கின. கலிபோர்னியாவில் தங்கம் தோண்டியவர்கள் அந்த ஆப்பிளுக்கு என்ன விலையும் கொடுத்தார்கள். அவர் தம்பி சேத் பின்னாளில் உருவாக்கிய செர்ரி வகைக்கு, தோட்டத்தில் வேலை பார்த்த ஆ பிங் என்ற சீனரின் பெயர் வைக்கப்பட்டது. இன்றும் அது பிங் செர்ரிதான்.

செங்கோட்டையிலிருந்து மாங்கன்று வாங்கி, வெயில் ஏறுமுன் பாளையங்கோட்டை கொண்டுவந்து சேர்ப்பதற்குள் சாக்கை எத்தனை முறை நனைக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். இது ஏழு மாத வழி. இந்தத் தாளில் கடைக்காரர் பென்சிலால் வரைந்திருக்கும் வண்டியின் குறுக்குவெட்டுப் படம் மிக நன்றாக இருக்கிறது. பெட்டியின் ஆழம், அதற்கடியில் அச்சு, மாட்டு நுகம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன.

போர்ட்லாந்து நகரத்துக்குப் பெயர் வைத்த கதையை நாணயத்தோடு சேர்த்துச் சொல்லும் தாள் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஊர் நிலத்தின் சொந்தக்காரர்கள் இருவரில், பாஸ்டன் என்று வைக்க வேண்டும் என்றார் லவ்ஜாய், போர்ட்லாந்து என்றார் பெட்டிகுரோவ். 1845-இல் ஒரு செப்புக் காசைச் சுண்டி, மூன்றில் இரண்டு முறை வென்ற பெட்டிகுரோவ் சொன்னதே பெயராயிற்று. சுண்டிய காசு 1835-ஆம் ஆண்டு அச்சடித்தது. கடையில் அதே வகைப் பழைய செப்புக் காசின் நகலை வைத்திருக்கிறார். கேட்டால் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். நம் பழைய காலணாவோடு வைத்து என் பேத்தி அளந்து பார்த்தாள்.

இனி, குறை. ஹிஞ்ச் போன்ற சின்ன விஷயமல்ல இது. ஆல்பத்தைக் கடைசிவரை புரட்டி முடித்த பிறகு, சகாகவேயா ஒருவரைத் தவிர அந்த மண்ணின் பூர்வகுடிகள் யாருமே அதில் முகத்தோடும் பெயரோடும் இல்லை என்பதைக் கண்டேன். வில்லமெட் பள்ளத்தாக்கு ‘காலியாகக் கிடந்த வளமான பூமி’ என்று ஐந்தாம் தாள் சொல்கிறது. அது காலியாக இருந்ததில்லை. கலப்புயா மக்கள் வாழ்ந்த பூமி அது. 1830-க்குப் பின் சில ஆண்டுகளில் பரவிய விஷக்காய்ச்சலில் அவர்களில் பெரும்பகுதியினர் மாண்டுபோனதால்தான் வந்தவர்களின் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தது.

மிஷனரிகளான விட்மன் தம்பதியைப் பற்றிய தாளிலும் இதே குறை. 1836-இல் மார்கஸ், நார்சிஸா விட்மன் தம்பதியும் ஸ்பால்டிங் தம்பதியும் மலை கடந்து வந்ததையும், ராக்கி மலைத்தொடரை முதலில் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்கள் நார்சிஸாவும் எலிசா ஸ்பால்டிங்கும் என்பதையும் விரிவாகச் சொல்லிவிட்டு, 1847 நவம்பர் 29 அன்று கயூஸ் என்ற பூர்வகுடி மக்கள் விட்மன் தம்பதியையும் வேறு பதினொருவரையும் கொன்றதை ‘மூடநம்பிக்கையால் நடந்த கொடுமை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. குடியேறிகளின் வண்டிகளோடு வந்த தட்டம்மையில் கயூஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரான விட்மன் கொடுத்த மருந்தில் வெள்ளைக்காரக் குழந்தைகள் பிழைத்தன, கயூஸ் குழந்தைகள் பிழைக்கவில்லை. நோயாளியைச் சாகவிட்ட வைத்தியனின் உயிரை எடுக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். நடந்தது கொலைதான், அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். 1850-இல் ஓரிகன் சிட்டியில் ஐந்து கயூஸ் ஆண்கள் தூக்கிலிடப்பட்டதையும் சொல்லியிருக்க வேண்டும்.

‘அடிமை முறைக்கு இடம் கொடாத நிலம்’ என்று பன்னிரண்டாம் தாள் ஓரிகனைப் புகழ்கிறது. உண்மைதான், 1844-இல் தற்காலிக அரசு அடிமை முறையைத் தடை செய்தது. அதே சட்டம் கறுப்பின மக்கள் ஓரிகனை விட்டு வெளியேற வேண்டும், மீறினால் கசையடி என்றும் சொன்னது. கசையடி நடைமுறைக்கு வருமுன் மாற்றப்பட்டது. ஆனால் கறுப்பினத்தவர் வந்து குடியேறக் கூடாது என்ற விதி 1857-இல் எழுதிய மாநில அரசியல் சட்டத்திலும் ஏறி, 1926 வரை ஏட்டில் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்ற கறுப்பினக் குடியானவர் 1844-இல் இதே வண்டிப்பாதையில் குடும்பத்தோடு வந்தவர். இந்தச் சட்டத்தால் கொலம்பியா ஆற்றுக்குத் தெற்கே தங்க முடியாமல், வடக்கே போய், இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் விவசாயம் செய்தார். நிலக்கொடைச் சட்டம் அவருக்கு உரிமை தராததால், 1855-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கென்று தனிச் சட்டம் போட்டுத்தான் அவர் உழுத நிலத்தை அவர் பெயருக்கு ஆக்கியது. வண்டியில் வந்த முன்னோடிகளைப் பற்றிய ஆல்பத்தில் இவருக்கு ஒரு தாள் இல்லாதது பெரிய விடுபடல்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மறுவாரம் கடைக்குப் போனேன். தம்பி நிதானமாகப் படித்தார். “அண்ணாச்சி, நீங்க சொல்றது சரிதான். ஆனா தலை இருக்கிறவங்களப் பத்தித்தான நான் எழுத முடியும்? அவங்களுக்குத் தலை போட்டிருந்தா நான் விட்டிருப்பனா?” என்றார். யூயிங் யங்குக்கும் லுவெல்லிங்குக்கும் தலை இல்லாமலே தாள் போட்டிருக்கிறாரே என்று நான் சொன்னதும் சற்று யோசித்தார்.

பேசிக்கொண்டே, வாசலருகே இருக்கும் உதிரித் தலைகளின் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். முப்பது ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றில், 1968-இல் வந்த ஆறு சென்ட் தலை ஒன்று கிடந்தது. ஜோசப் தலைவரின் படம். ‘செவ்விந்தியர்’ என்று மேலே சீட்டு ஒட்டி, பல நாட்டுப் பழங்குடிகளின் தலைகளோடு அதையும் போட்டிருந்தார். ஜோசப், நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர். அவர் பிறந்த வல்லோவா பள்ளத்தாக்கு ஓரிகனின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. 1863-இல் அவருடைய தந்தை கையெழுத்திட மறுத்த உடன்படிக்கை அம்மக்களின் நிலத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கியது. 1877-இல் வல்லோவாவை விட்டுப் போகச் சொல்லி ராணுவம் கெடு வைத்தது. கிழவர், குழந்தைகள், குதிரைகளோடு ஆயிரம் மைலுக்கு மேல் போரிட்டுக்கொண்டே கனடாவை நோக்கி நடந்தவர்கள், எல்லைக்கு நாற்பது மைல் இருக்கும்போது, மொன்டானாவில் அக்டோபர் 5 அன்று ஆயுதத்தை வைத்தார்கள். ஜோசப் வல்லோவாவில் குடியிருக்கக் கடைசிவரை அனுமதிக்கப்படவில்லை. 1904-இல் வேற்று நிலத்தில் இறந்தார்.

“இவரு ஓரிகன்காரரா?” என்று கேட்ட தம்பி, தலையை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் காசு வாங்கவில்லை. தலையை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, வருகிற சனிக்கிழமை வரச் சொன்னார்.

சனிக்கிழமை போனபோது ஹிஞ்ச் வைத்த இரண்டு தாள்களையும் வாங்கி, என் கண்ணெதிரிலேயே தலைகளை ஈரத்தாளில் வைத்துப் பெயர்க்காமல் நுனியால் நோகாமல் பிரித்து, பிளாஸ்டிக் உறையில் மாற்றிக் கொடுத்தார். பசையில் லேசான தழும்பு இருக்கிறது, முகப்பில் குறையில்லை. ஐந்தாம் தாளையும் விட்மன் தாளையும் ஷாம்பூயித் தாளையும் புதிதாக எழுதித் தந்தார். ஆல்பத்தை முன்பே வாங்கியவர்கள் பழைய தாள்களைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார். கடை திங்கள் தவிர மற்ற நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் திறந்திருக்கும். படி செங்குத்தானது, வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும். அவசரமில்லாத கடை, வாங்காமல் பார்த்துவிட்டுப் போனாலும் முகம் சுளிப்பதில்லை.

1959-ஆம் ஆண்டு அஸ்டோரியா முத்திரையோடு வந்த மாநில நூற்றாண்டு முதல்நாள் உறை, அதாவது தலை வெளியான அன்றே முத்திரை குத்திய அஞ்சல் உறை, ஹூட் மலையும் கூண்டு வண்டியும் உள்ள நான்கு சென்ட் தலையோடு, ஆல்பத்தின் கடைசித் தாளாக இருந்தது. இப்போது அதற்குப் பின்னால் இரண்டு தாள்கள் கூடியிருக்கின்றன. பதினேழாவதில் ஜோசப் தலைவர். பதினெட்டாவதில் ஜார்ஜ் வாஷிங்டன் புஷ்ஷைப் பற்றிய விளக்கம். அவருக்கான தலை கையில் இல்லாததால், தலை இருக்க வேண்டிய அளவுக்குப் பென்சிலால் கட்டம் போட்டு, கறுப்பு உறையை ஒட்டி, வெறுமையாக விட்டிருக்கிறார்.